எடை எங்கே நிற்கிறது?

எங்கள் வீட்டு மாருதி ஆம்னியில் மூன்றாவது கியர் நிற்காமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மேடு ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மறுகணம் 'டக்'கென்று லீவர் நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். சத்தியமங்கலத்தில் குடியிருப்பவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை எஞ்சின்தான் செய்கிறது. கியர் விட்டுப்போனால் அந்தப் பிடி போய்விடும். மொத்தப் பாரமும் பிரேக் மீது விழும். இடது கையால் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கப் பழகியிருந்தோம். பழகியிருக்கவே கூடாது.

கியர்பாக்ஸை மாற்றிவிடுவது என்று முடிவானதும், அதை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கத் தோன்றியது. பட்டறைகளில் வண்டியைத் தலைக்கு மேலே தூக்கிவிடும் லிஃப்ட் இருக்கும். இல்லாவிட்டால் தரையில் வெட்டிய குழி இருக்கும். என்னிடம் சமமான சிமென்ட் தரை, 2 டன் டிராலி ஜாக்கி ஒன்று, இரும்பு ஜாக்கி ஸ்டாண்டு நான்கு, ஸ்பேனர் செட், இரண்டு நாள் விடுமுறை இருந்தன. கூடவே, அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் கை வைத்தது கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு போல்டைக் கழற்றுவதற்கு முன்னும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இப்ப எடை எங்க நிக்குதுங்க தம்பி?" நான் பதில் சொல்லும் வரை ஸ்பேனரைத் தொட விடமாட்டார்.

இந்த வேலையின் அறிவியல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆம்னி இதைக் கற்றுக்கொள்ள நல்ல வண்டி. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. 2019 வரை தயாரிப்பில் இருந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கிறது. அதன் பின்னால் ஒட்டினாற்போல நான்கு கியர் கொண்ட பெட்டி. அங்கிருந்து நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட் பின் அச்சுக்குப் போகிறது. எல்லாம் ஒரே வரிசை. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் இருக்கும். இரண்டு பக்கத் தண்டுகளையும் உருவ வேண்டும், சஸ்பென்ஷனில் பாதியைப் பிரிக்க வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதன் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆம்னி எஞ்சின் தரும் முறுக்கு விசை அதிகபட்சம் ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோவைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு கிடைக்குமோ அவ்வளவுதான். ஆள் நிறைந்த வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்த இது போதாது. சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும்போது வேகம் குறைந்து முறுக்கு கூடுகிறது. முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய மூன்றரைச் சுற்று சுற்றினால் வெளியே வரும் தண்டு ஒரு சுற்று சுற்றும். முறுக்கும் அதே மடங்கு பெருகும். பின் அச்சில் இருக்கும் பல்சக்கரங்கள் அதை இன்னும் பல மடங்காக்குகின்றன. நான்காவது கியரில் இரண்டு தண்டும் நேரடியாகப் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றுகின்றன.

கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி வேறொன்றில் மாட்டிக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கார்களில் அப்படித்தான். இன்றைய பெட்டியில் முன்னோக்கிப் போகும் கியர்கள் அனைத்தும் எப்போதும் கோத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை தண்டின் மீது கட்டில்லாமல் சுற்றுகின்றன. லீவரைத் தள்ளும்போது ஒரு வளையம் நகர்ந்து, நாம் கேட்ட ஒரே ஒரு சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் சமமாக வேண்டும். அதற்குத்தான் நடுவே பித்தளையில் செய்த கூம்பு வளையம். சக்கரத்தின் கூம்புப் பரப்பில் அது உராய்ந்து வேகத்தைச் சமன்படுத்துகிறது. அதன்பிறகே பூட்டு விழுகிறது. சிங்க்ரோமெஷ் எனப்படும் இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. ரிவர்ஸ் கியருக்கு மட்டும் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது, பல்லும் சாய்வில்லாமல் நேராக வெட்டியிருக்கும். பின்னால் எடுக்கும்போது வண்டி ஊளையிடுவது அதனால்தான்.

பூட்டு விழும் பற்களின் பக்கங்கள் உள்நோக்கி மெல்லச் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். விசை ஏறும்போது அந்தச் சரிவே வளையத்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கான தேய்மானத்தில் இந்தச் சரிவு மழுங்கிப் போகிறது. கூடவே வளையத்தை நிறுத்திவைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்துபோனால், ஆக்சிலரேட்டரை விட்டு விசையின் திசை மாறும் நொடியில் வளையம் வெளியே வழுக்கிவிடும். எங்கள் மூன்றாவது கியர் இறக்கத்தில் மட்டும் துள்ளியதற்குக் காரணம் இதுதான்.

பெட்டியை இறக்குவதற்கு முன் குற்றவாளி அதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தப் பகுதியை எல்லோரும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். வீணாகும் இரண்டு நாள் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் காது கொடுங்கள். இப்போது பெட்டிக்குள், எஞ்சினிலிருந்து விசையை வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் அதற்குக் கீழே இருக்கும் துணைத் தண்டும் சுற்றுகின்றன. கிளட்சை மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். மிதிக்காதபோது கேட்கும் இரைச்சல் மிதித்ததும் அடங்கினால், அந்தத் தண்டுகளின் பேரிங்குகளைச் சந்தேகிக்கலாம். நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது பெட்டியின் நோயே இல்லை. கிளட்ச் ரிலீஸ் பேரிங். எல்லாக் கியரும் விழும்போது நறநறவென்றால் கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று பொருள். கேபிளைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கும். ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்தால்தான் பெட்டியைத் திறக்க நியாயம் இருக்கிறது. எங்களுக்கு மூன்றாவது மட்டும்.

மாற்றுப் பெட்டியைக் கோவை உக்கடத்தில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் கடையில் எடுத்தோம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை. கடை வாசலிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இன்புட் ஷாஃப்ட்டிலும் வெளியே வரும் தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கியராக விழச் செய்து, வெளியே வரும் தண்டு ஒரு சுற்று சுற்ற இன்புட் ஷாஃப்ட் எத்தனை சுற்று எடுக்கிறது என்று கையால் சுற்றி எண்ண வேண்டும். முதல் கியரில் ஏறக்குறைய மூன்றரைச் சுற்று, மூன்றாவதில் ஒன்றே காலுக்கும் ஒன்றரைக்கும் இடையே, நான்காவதில் சரியாக ஒன்று. எங்காவது கை தடுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் 'கடக்' என்று வந்தால் ஒரு பல் உடைந்திருக்கிறது. தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது.

இனி வண்டியைத் தூக்க வேண்டும். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வேலையில் உயிர் போகும் இடம் இது ஒன்றுதான்.

ஆம்னியின் எடை 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்பாதி 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 40 சென்டிமீட்டர் உயர்த்தினால் அதில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 1,570 ஜூல். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருக்கும் ஆற்றலில் நாற்பதில் ஒரு பங்குதான் அது. ஜாக்கியின் கைப்பிடியை அடித்து அடித்து, இரண்டு மூன்று நிமிடத்தில், மூச்சு வாங்காமல் அதை நாம் ஏற்றிவிடுகிறோம். பாஸ்கல் கண்ட விதிப்படி சிறிய பிஸ்டனில் நாம் கொடுக்கும் அழுத்தம் எண்ணெய் வழியே பெரிய பிஸ்டனின் பரப்பு முழுவதிலும் அதே அளவில் பரவுகிறது; பரப்பு எத்தனை மடங்கோ விசையும் அத்தனை மடங்கு. அதனால் நமக்கு வலிப்பதே இல்லை. ஆனால் ஏற்றிய அதே ஆற்றல் திரும்பி இறங்க 0.29 நொடி போதும். கீழே படுத்திருப்பவர் ஏதோ அசைகிறது என்று கண்டு உடலை நகர்த்தத் தொடங்குவதற்கே கால் நொடி ஆகிவிடும்.

ஜாக்கியில் அந்த எடையைத் தாங்கி நிற்பது விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையமும், அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கும் ஒரு சின்ன வால்வும்தான். ரப்பர் கிழிந்தாலோ வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ எண்ணெய் வழி விட்டுவிடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. அதில் கசிய எதுவும் கிடையாது. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி வைத்து வேலை செய்பவர்களை நம் ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் இழுவிசையைத் தாங்கும் திறன் அதில் பத்தில் ஒரு பங்குதான். சுவரில் எடை பரவலாக இறங்குகிறது. காரின் அடிச்சட்டமோ ஒரு முனையில் குத்துகிறது. குத்திய இடத்தைச் சுற்றிக் கான்கிரீட் இழுபடுகிறது, விரிசல் விடுகிறது, முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்குகிறது. இரும்பு வளைந்து, முனகி, நமக்கு நேரம் கொடுக்கும். கான்கிரீட் கொடுக்காது.

நான்கு ஸ்டாண்டுகளையும் அடிச்சட்டத்தில் கையேடு காட்டும் உறுதியான இடங்களில் வைத்தோம். பிறகு அண்ணன் வண்டியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து நன்றாகத் தள்ளிப் பார்த்தார். "விழறதா இருந்தா நம்ம வெளிய நிக்கறப்பவே விழட்டுங்க." அசையவில்லை. கழற்றிய ஸ்டெப்னியையும் ஒரு சக்கரத்தையும் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப் போட்டோம். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி டயரின் மீதுதான் விழும். ஒரு ஆளின் உடல் தடிப்புக்காவது இடம் மிஞ்சும்.

எவ்வளவு உயரம் தூக்குவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியைக் கழற்றித் தரைக்கு இறக்கிவிடலாம். ஆனால் அதை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே இழுக்க வேண்டுமே! எஞ்சினோடு சேரும் மணி போன்ற வாய்ப்பகுதிதான் பெட்டியிலேயே அகலமானது. அதன் உயரத்தோடு, முழுவதும் இறக்கிய ஜாக்கியின் உயரத்தைக் கூட்டி, மேலே நான்கு விரல் இடைவெளி விட்டு, அந்த அளவுக்குத் தூக்க வேண்டும். வாங்கிவந்த பெட்டியை ஜாக்கி மீது வைத்து டேப் பிடித்து அளந்துகொண்டோம். இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள், பாதி வேலையில், எல்லாம் கழன்று தொங்கும் நிலையில் வண்டியை மறுபடி தூக்க நேரிடுகிறது. அதைவிட ஆபத்தான நேரம் வேறில்லை.

பேட்டரி வயரைக் கழற்றியாயிற்று. எண்ணெயை வடித்தோம். வெளிச்சத்தில் பார்த்தால் கறுத்த எண்ணெய்க்குள் பொன்னிறத் துகள்கள் மினுங்கின. அது பித்தளை வளையம் தேய்ந்த தூள். அடி போல்டின் நுனியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசையாக இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. பசை போல இருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் சிக்கும் சில்லாக இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே அதன் கதையைச் சொல்வது இந்த எண்ணெய்தான்.

புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் அதன் பின் இணைப்பில், இரண்டு பாகங்களிலும் படும்படி வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. எடைச் சமநிலை பார்த்துப் பொருத்தப்பட்ட தண்டு அது. திருப்பி மாட்டினால் வேகத்தில் அதிர்வு வரும். இங்கே அண்ணனின் கேள்வி எனக்கு உறைத்தது. வண்டி நகராமல் இருக்க முதல் கியரில் போட்டு வைத்திருந்தேன். ஷாஃப்ட் கழன்ற நொடியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, கியரில் போட்டதற்குப் பொருளும் இல்லை. பின்சக்கரங்கள் தரையில் இருந்தால் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டைகளும் கைப்பிரேக்கும்தான் காப்பு. நான்கும் ஸ்டாண்டில் இருந்தால் ஸ்டாண்டுகள்தான் எல்லாம்.

ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் வயர், கியர் லீவரின் இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் வரிசையாகக் கழன்றன. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் பெட்டியின் வாய் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையில் எந்த போல்டு இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். நீளங்கள் வெவ்வேறு. நீள போல்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினியம் உடையும். குட்டை போல்டை நீளத் துளையில் போட்டால் நாலே மரை பிடித்து நாளைக்குக் கழன்றுவரும்.

பெட்டியின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றும்போது எஞ்சினின் எடையும் இடம் மாறுகிறது. எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து ஒரே பொருளாக மூன்று ரப்பர் தாங்கிகளில் நிற்பவை. பின் தாங்கியை எடுத்தால் எஞ்சின் பின்பக்கம் சாயும். அதனால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன ஜாக்கி கொடுத்தோம், நடுவே தடித்த மரப்பலகை வைத்து. தொட்டி மெல்லிய தகடு. ஜாக்கியின் தலை நேரடியாக முட்டினால் குழி விழும். பலகை அதே எடையைப் பல மடங்கு பரப்பில் பரப்பிவிடுகிறது.

டிராலி ஜாக்கி பெட்டிக்கு அடியில் போனது. சிறிய கார்களின் கியர்பாக்ஸ் பொதுவாக 25 முதல் 40 கிலோ. நின்றுகொண்டு தூக்கினால் ஒரு ஆளே தூக்கலாம். மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பிடிக்க யாராலும் முடியாது. பெட்டியைச் சரக்கு கட்டும் பட்டையால் ஜாக்கியோடு சேர்த்து இறுக்கினோம். வாய்ப்பகுதி அகலமாக இருந்தாலும் உள்ளே வெற்றிடம். பல்சக்கரங்கள் இருக்கும் நடு உடலில்தான் எடை. பார்வைக்குப் பெரியதாக இருக்கும் பக்கத்தில் ஜாக்கியைக் கொடுத்தால் மறுபக்கம் தொங்கிப்போகும்.

கடைசி போல்டும் கழன்ற பிறகு பெட்டி, இடம் பிசகாமல் பொருத்த உதவும் இரண்டு டவல் பின்களின் பிடியில் எஞ்சினோடு ஒட்டியிருந்தது. அதை மெல்ல நெம்பிவிட்டு, நேர் பின்னால் இழுக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிகள் கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்து, நுனி ஃப்ளைவீலின் மையத்தில் இருக்கும் சின்னப் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். அது முழுவதும் உருவி வெளியே வரும் வரை பெட்டி ஒரு கணம்கூட அந்தத் தண்டின் மீது தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி நெளிந்துவிடும்; பார்த்தால் தெரியாது, ஓட்டும்போது தெரியும். ஜாக்கியை, உதவிக்கு வந்த என் தம்பி மகன் உருட்ட, நான் படுத்தபடி இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு விரல், கீழேயும் ஒரு விரல். அது சமமாக இருக்கும் வரை கோடு நேராக இருக்கிறது.

பழைய கிளட்சின் தூசியை ஊதவோ உதறவோ கூடாது. பழைய உராய்வுப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கினால், பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்தோம். பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின் ஆயில் சீல் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. இதற்காக மட்டும் இன்னொரு முறை இறக்கக் கூடாது.

ஏற்றுவதுதான் கடினம். புதிய கிளட்ச் பிளேட் பிரஷர் பிளேட்டுக்குள் கட்டில்லாமல் கிடக்கும். இறுக்கியதும் இருந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். மையம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி உள்ளே போகாது. ஒரு பழைய ஷாஃப்ட்டையே செருகி மையம் பார்த்து, போல்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம்.

பிறகு அண்ணன் தன் பையிலிருந்து இரண்டு நீள போல்டுகளை எடுத்தார். தலையை அறுத்துவிட்டு, முனையை அரத்தால் கூராக்கி, மறுமுனையில் ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு வெட்டு. எஞ்சின் பக்கத்தில், வலப்புறமும் இடப்புறமும் இருந்த இரண்டு மரைத் துளைகளில் அவற்றைக் கையால் முறுக்கி நிறுத்தினார். பெட்டி மேலே வந்ததும் அதன் துளைகள் இந்தக் கம்பிகளில் நுழைந்தன. அதன்பின் பெட்டிக்குப் பக்கவாட்டில் போக வழியே இல்லை. தண்டவாளத்தில் ஏறிய பெட்டிபோல முன்னே பின்னே மட்டும்தான். பட்டறையில் லிஃப்டும் தனி ஜாக்கியும் சேர்ந்து செய்யும் வேலையை இரண்டு அறுத்த போல்டுகள் செய்தன. இதுவரை நான் கண்ட கருவிகளில் இவ்வளவு மலிவான, இவ்வளவு சரியான கருவி வேறில்லை.

ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெட்டி நின்றுவிட்டது. இங்கேதான் எல்லோருக்கும் ஆசை வரும்: போல்டுகளைப் போட்டு முறுக்கினால் இழுத்துக்கொள்ளாதா? இழுக்கும். அலுமினிய உடலின் காதும் உடையும். தடுப்பது எப்போதும் பல்வரிகள்தான். ஷாஃப்ட்டின் மேடு பிளேட்டின் மேட்டோடு முட்டி நிற்கிறது. பெட்டியை நான்காவது கியரில் போட்டு, பின்பக்கத் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினேன். நேரடிக் கியர் என்பதால் நான் திருப்பும் அளவே உள்ளேயும் திரும்பும். பத்து டிகிரிகூட இருக்காது. ஒரு சின்ன 'சளுக்'. பெட்டி தானாகவே நழுவி எஞ்சினோடு ஒட்டியது. விரலை விட்டுப் பார்த்தேன், சுற்றிலும் இடைவெளி இல்லை.

போல்டை இறுக்குவது என்பது அதை ஒரு ஸ்பிரிங்காக இழுத்து வைப்பது. போதுமான அளவு இழுபட்ட போல்டு அதிர்விலும் பிடியை விடாது. அளவுக்கு மீறினால் அலுமினிய மரை உருவிவிடும். 50 நியூட்டன் மீட்டர் என்று கையேடு சொன்னால், அரை மீட்டர் ஸ்பேனரில் 10 கிலோ அழுத்தம் என்று பொருள். கை மதிப்பீடு இங்கே உதவாது, டார்க் ரெஞ்ச் வேண்டும்.

எண்ணெயில் நடக்கும் தவறு பரவலானது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று இரண்டு வகை கிடைக்கும். எண் பெரியது என்பதால் ஐந்துதான் உயர்ந்தது என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். பின் அச்சின் பற்களுக்காக உருவானது அது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதில் ஏறக்குறைய இரு மடங்கு. இரும்புப் பற்களை அது காக்கிறது. ஆனால் சூடேறினால் அதே கந்தகம் பித்தளையில் இருக்கும் செம்பை அரிக்கக்கூடும். வேகத்தைச் சமன்படுத்தும் வளையங்கள் பித்தளை. கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது வண்டி முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் உயர்ந்திருக்கும்போது துளை வழியும் வரை ஊற்றினால் அளவு தப்பும்.

இரண்டாம் நாள் மாலை வண்டியைத் தரைக்கு இறக்கி, கிளட்ச் கேபிளின் தளர்வைச் சரிசெய்து, தெருவை ஒரு சுற்று வந்தோம். அடுத்த ஞாயிறு திம்பம். ஆசனூர் போய்த் திரும்பும் வழியில், 27 வளைவுகளும் இறங்கி முடிக்கும் வரை லீவரின் மீது கை வைக்கவில்லை.

பழைய பெட்டியை அப்புறம் திறந்து பார்த்தேன். மற்ற கியர்களின் பூட்டுப் பற்களில் நகத்தை ஓட்டினால் விளிம்பில் சிக்கியது. மூன்றாவதில் வழுக்கிக்கொண்டு போனது. ஆறு மாதம் எங்களை மலையில் பயமுறுத்தியது ஒரு நகக்கண் அளவு தேய்மானம்.

உங்களில் யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தனியாகச் செய்யாதீர்கள். வண்டிக்குக் கீழே நீங்கள் இருக்கும் நேரம் முழுவதும் வெளியே ஒருவர் நிற்கட்டும். ஜாக்கியை எங்கே கொடுத்து எப்படித் தூக்குவது என்று அவருக்கு முன்னதாகவே காட்டிவிட்டு, அவரை ஒரு முறை செய்ய வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு கீழே போங்கள்.